முதுகில் ஒரு ஜெட்: வாசகர் கேள்வி – பதில்

(இந்த மாதம் பதில் சொல்பவர், விமானப் படையில் சரக்கு விமானங்களின் இன்ஜின் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.)

பழைய விமானப் படைப் படம் ஒன்றில், ப்ரொப்பெல்லர் வைத்த சரக்கு விமானத்தின் முதுகில் குழாய் மாதிரி ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அது பெட்ரோல் டேங்கா?
— வாசகர், திண்டுக்கல்

டேங்க் இல்லை, அது ஒரு ஜெட் இன்ஜின். நீங்கள் சொல்வது இரட்டை வால் வைத்த விமானம் என்றால், அது அமெரிக்காவின் ஃபேர்சைல்டு சி-119. எங்களுக்கு அது வெறும் 'பாக்கெட்'. 1954-ல் இந்திய விமானப் படைக்கு வரத் தொடங்கி, எண்பதுகளின் நடுவரை ஓடியது. முதுகில் ஏற்றியது ஆர்ஃபியஸ் இன்ஜின். நாட் சண்டை விமானத்துக்காகப் பெங்களூரில் எச்.ஏ.எல். (இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) தயாரித்த அதே இன்ஜின்தான். நாமே கட்டிய மாருத் சண்டை விமானத்தில் அதுவே இரண்டு இருந்தது. எடை ஏறக்குறைய நானூறு கிலோ. கடல் மட்டத்தில் அது தரும் உந்துவிசையோ சுமார் 2,100 கிலோ. பாக்கெட்டின் முதுகில் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பெருமை உண்டு. வெளிநாட்டு விமானத்தை நம் மலைகளுக்கு ஏற்ற மாதிரி நம் பட்டறையில் மாற்றிய வேலை அது.

இரண்டு பெரிய இன்ஜின் இருக்கும்போது மூன்றாவது எதற்கு? ஓடுபாதை அவ்வளவு சின்னதா?
— வாசகி, ராசிபுரம்

ஓடுபாதையின் நீளத்தை விட அது இருக்கும் உயரம்தான் பெரிய சிக்கல். லடாக்கில் லே விமானத்தளம் 10,682 அடியில் இருக்கிறது. அதே லடாக்கில் சீன எல்லைப் பக்கம் உள்ள தௌலத் பேக் ஓல்டி 16,614 அடி. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதில் அறுபது சதவீதம்தான். அங்கே விமானத்துக்கு மூன்று இடத்தில் அடி விழுகிறது. பிஸ்டன் இன்ஜினுக்கு எரிக்கக் காற்று போதாது. ப்ரொப்பெல்லருக்குப் பிடித்துத் தள்ளக் காற்று போதாது. இறக்கைக்கும் அதே கதி. கீழே 100 நாட் (மணிக்குச் சுமார் 185 கி.மீ.) வேகத்தில் தரையை விட்டு எழும்பும் விமானம், மேலே உண்மையில் 129 நாட் வேகம் எடுத்தால்தான் எழும்பும். சக்தி குறைந்த இன்ஜினை வைத்துக்கொண்டு கூடுதல் வேகம் எடுக்க வேண்டும். அதற்கு எத்தனை நீளப் பாதை தேவைப்படும் என்று யோசித்துப் பாருங்கள். உச்சி வெயிலில் காற்று இன்னும் இளகிவிடும் என்பதால்தான் லே வேலையெல்லாம் விடியற்காலையிலேயே முடியும்.

ஜெட்டின் சக்தியும் உயரத்தில் குறையத்தான் செய்யும். ஆனால் ப்ரொப்பெல்லரின் இழுவை வேகம் கூடக் கூட மங்கும். ஜெட் அப்படி மங்காது. பாதையின் கடைசி முந்நூறு மீட்டரில், மற்ற இரண்டும் திணறும்போது, அது முதுகில் இருந்து ஒரே சீராகத் தள்ளிக்கொண்டிருக்கும்.

1962 ஜூலை 23 அன்று ஸ்குவாட்ரன் லீடர் சி.கே.எஸ். ராஜே ஒரு பாக்கெட்டைத் தௌலத் பேக் ஓல்டியில் இறக்கினார். இறங்கியதைத்தான் எல்லாரும் சொல்வார்கள். அங்கே இருந்து திரும்பி எழும்பியதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

ஆனால் கேள்விக்கு என் நேரடிப் பதில் வேறு. அந்த ஜெட் சின்னப் பாதைக்காக மட்டும் வைத்ததல்ல. ஒரு இன்ஜின் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதற்காக வைத்தது. இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை.

1979 குளிர்காலம். மேலே பழுதாகி நின்ற ஒரு விமானத்துக்கு உதிரிபாகம் எடுத்துக்கொண்டு நானும் சரக்கோடு போனேன். மலைகளுக்குள் நுழைந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். இடது இன்ஜினின் ஆயில் பிரஷர் முள் மெதுவாகக் கீழே இறங்கியது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இன்ஜின் கூட்டின் மேல் கறுப்பாக எண்ணெய்க் கோடு ஒன்று பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. கேப்டன் அந்த இன்ஜினை அணைத்து ஃபெதர் செய்தார். வீசும் காற்றுக்கு எதிரே முறத்தை அகலமாகப் பிடித்தால் அது நம்மைத் தள்ளும், ஓரமாகத் திருப்பிவிட்டால் தள்ளாது இல்லையா? ப்ரொப்பெல்லர் இலைகளை அப்படி ஓரமாகத் திருப்பி நிறுத்துவதுதான் ஃபெதர். சுற்றிக்கொண்டே இருந்த ஒன்று அசையாமல் நிற்பதை அவ்வளவு பக்கத்தில் பார்த்தபோது வயிறு சுருண்டது. சரக்கு நிறைந்த பாக்கெட் அந்த உயரத்தில் ஒற்றை இன்ஜினில் நிற்காது, இறங்கிக்கொண்டேதான் போகும். இரண்டு பக்கமும் மலை.

கேப்டன் சொன்னது ஒரே சொல்: "ஜெட்." முதலில் தலைக்கு மேல் ஒரு முனகல், அப்புறம் அது ஊளையாக மாறியது. உயரமானியின் முள் இறங்குவதை நிறுத்தியது. விமானத்தின் நட்டநடுவில் இருப்பதால் ஜெட் அதை ஒரு பக்கமாகத் திருப்பவும் இல்லை. மெதுவாக வளைந்து சமவெளிக்குத் திரும்பினோம். தரையில் ஆயில் ஃபில்டரைக் கழற்றி விரலால் தடவினேன். பொடிப் பொடியாக உலோகத் துகள்! உள்ளே பேரிங் தேய்ந்துபோயிருந்தது.

ஜெட் மண்ணெண்ணெய் மாதிரி எரிபொருளில்தானே ஓடும்? பெட்ரோல் இன்ஜினோடு அதை எப்படிச் சேர்த்தார்கள்?
— கல்லூரி மாணவர், காரைக்குடி

நல்ல கேள்வி. ஜெட்டுக்குப் பெட்ரோலும் சரிப்படும். துணை ஜெட் வைத்த அமெரிக்க விமானங்கள் பலவற்றில், ஒரே டேங்கில் இருந்து அதே விமானப் பெட்ரோல்தான் இரண்டுக்கும் போனது. தனி டேங்க், தனிக் குழாய் என்று எடை ஏற்ற வேண்டியதில்லை. அந்தப் பெட்ரோலில் உள்ள ஈயம் டர்பைன் இலைகளில் படியும் என்பது ஒரு குறை. மெதுவாகப் பறக்கும் விமானத்தில் ஜெட் எரிபொருளைக் கண்டபடி குடிக்கும் என்பது இன்னொரு குறை. அதனால் எழும்பும்போதும், கணவாயைத் தாண்டும்போதும், ஆபத்திலும் மட்டும்தான் ஓடும்.

சூலூரில் பறக்கும் ஏஎன்-32 சரக்கு விமானத்தில் இப்படி எதுவும் இல்லையே? மற்ற நாடுகளில் இருந்ததா?
— வாசகர், கோயம்புத்தூர்

ஏஎன்-32-க்குத் தேவைப்படவில்லை. ஒவ்வொன்றும் 5,000 குதிரைத்திறனுக்கு மேல் தரும் இரண்டு டர்போப்ராப் இன்ஜின்கள் (ஜெட் மாதிரி டர்பைனால் ப்ரொப்பெல்லரைச் சுற்றுபவை) அதில் இறக்கைக்கு மேலே உட்கார்ந்திருக்கின்றன. ஆனால் அதற்கு மூத்த ஏஎன்-26-இல் இருந்தது! வலது இன்ஜின் கூட்டின் பின்முனையில் ஒரு ஓட்டை தெரியும். அதற்குள் ஆர்யு-19 என்ற குட்டி ஜெட், சுமார் 800 கிலோ உந்துவிசை. தரையில் நிற்கும்போது மின்சாரம் தரும், பெரிய இன்ஜின்களைக் கிளப்பிவிடும், எழும்பும்போது தள்ளியும் விடும். ஒரே இன்ஜினுக்கு மூன்று வேலை. சோவியத் வடிவமைப்பாளர்களின் இந்தச் சிக்கனம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அமெரிக்காவில் சி-123. அதன் கதை விசித்திரமானது. இன்ஜினே இல்லாத கிளைடராகப் பிறந்தது, பிஸ்டன் இன்ஜின் வைத்தார்கள். 1951-ல் ஒன்றுக்கு நான்கு ஜெட் வைத்தும் பறக்கவிட்டார்கள். கடைசியில் வியட்நாம் போருக்கு இரண்டு பிஸ்டன், இரண்டு ஜெட் என்று முடிந்தது. அதுதான் சி-123கே. 1968-ல் கே சான் முகாம் முற்றுகையில் சிக்கியபோது, இதைவிடப் பெரிய சரக்கு விமானமான சி-130 இறங்குவதை நிறுத்திய பிறகும் இது குண்டுவீச்சுக்கு நடுவே இறங்கி ஏறியது. பாதையில் நிற்கும் ஒவ்வொரு நொடியும் அங்கே உயிர்ப் பிரச்சினை. சட்டென்று எழும்ப அந்த ஜெட்கள் கைகொடுத்தன.

ஜெட்டுக்குப் பதில் ராக்கெட் வைத்தால் என்ன?
— வாசகர், நாகர்கோவில்

வைத்தார்கள். அண்டார்டிகா பனியில் எழும்ப சி-130-கள் அப்படி வெகுகாலம் செய்தன. ஆனால் பற்றவைத்துவிட்டால் அணைக்க முடியாது, சில நொடிகளில் தீர்ந்துவிடும். தெஹ்ரானில் பிணைக்கைதிகளை மீட்க, விளையாட்டு மைதானத்திலேயே இறங்கி ஏறும்படி ஒரு சி-130-ஐ அமெரிக்கர்கள் ராக்கெட்டால் நிறைத்தார்கள். 1980 அக்டோபர் 29 அன்று சோதனையில், சக்கரம் தரையைத் தொடும் முன்பே நிறுத்தும் ராக்கெட்டுகள் வெடித்துக் கிளம்பி, இறக்கை முறிந்தது. உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள். ஒரு ஃபிட்டராகச் சொல்கிறேன், அணைக்க முடியாத இன்ஜின் எனக்கு வேண்டாம்.

உங்களுக்கு எதில் வேலை அதிகம், பிஸ்டனிலா ஜெட்டிலா?
— வாசகி, மன்னார்குடி

பிஸ்டன், சந்தேகமே இல்லை. பாக்கெட்டில் இருந்த ரைட் 3350 இன்ஜினில் பதினெட்டு சிலிண்டர், சிலிண்டருக்கு இரண்டு பிளக். ஒரு பாக்கெட்டுக்கு 72 பிளக். விடியற்காலையில் கிளப்பும் முன், இரவில் அடிச் சிலிண்டர்களில் வடிந்து தேங்கிய எண்ணெயை வெளியேற்ற, ப்ரொப்பெல்லரைக் கையால் சுற்ற வேண்டும். ஒருவர் இலையைத் தள்ளிவிட்டு விலக, அடுத்தவர் அடுத்த இலையைப் பிடிப்பார். நடுவில் சுற்று இறுகினால் பலம் போட்டுத் தள்ளவே கூடாது, உள்ளே கனெக்டிங் ராடு வளைந்துவிடும். நிறுத்தி, அடிச் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி எண்ணெயை வடியவிட வேண்டும். பனியில் அந்தப் பிளக்கைத் தொட்டால் விரல் ஒட்டிக்கொள்ளும். மேலே ஆர்ஃபியஸுக்கு அந்த நேரத்தில் எங்கள் வேலை, வாய் மூடியைக் கழற்றிவிட்டு உள்ளே பனியோ துணியோ கிடக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பது மட்டும்தான்.