வாசகர் கேள்வி – பதில்: உலக முடிவுக்காகக் காத்திருந்த நூற்றாண்டுகள்

கேள்வி: கி.பி. 1000 பிறந்தபோது ஐரோப்பிய மக்கள் உலகம் அழியப்போகிறது என்று நம்பி, உழவைக் கைவிட்டு, சொத்துகளை மடங்களுக்கு எழுதிவைத்துவிட்டுத் தேவாலயங்களில் நடுங்கிக் காத்திருந்தார்கள் என்று ஒரு மேடைப் பேச்சில் கேட்டேன். இது உண்மையா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: மேடைக்குப் பொருத்தமான கதைதான், ஆனால் ஊர் ஊராக மக்கள் இப்படி நடுங்கிக் கிடந்தார்கள் என்பதற்கு அக்காலத்துச் சான்று இல்லை. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கர்தினால் பரோனியுஸ் எழுதிய திருச்சபை வரலாற்றில் தலைகாட்டிய இக்கதைக்கு, 19ஆம் நூற்றாண்டில் மிஷ்லே போன்ற பிரெஞ்சு வரலாற்றாசிரியர்கள் வண்ணம் பூசினார்கள். கிறிஸ்து பிறப்பிலிருந்து ஆண்டு எண்ணும் முறை 8ஆம் நூற்றாண்டில் பீடு என்ற ஆங்கிலத் துறவியின் நூல்கள் வழியாகப் பரவத் தொடங்கியிருந்தாலும், எழுத்தறியாத உழவருக்கு அந்த எண் அன்றாடப் புழக்கத்தில் இருந்திருக்க வாய்ப்பு குறைவு. ஆண்டு எந்த நாளில் பிறக்கிறது என்பதிலும் ஒற்றுமை இல்லை; ஓரிடத்தில் கிறிஸ்துமஸ், வேறிடத்தில் மார்ச் 25.

சாத்தான் ஆயிரம் ஆண்டுகள் கட்டி வைக்கப்படுவான், பிறகு சிறிது காலம் அவிழ்த்துவிடப்படுவான் என்று விவிலியத்தின் கடைசி நூலான வெளிப்படுத்தின விசேஷத்தின் 20ஆம் அதிகாரம் சொல்வது உண்மை. ஆனால், அந்த ஆயிரத்தை நாட்காட்டிக் கணக்காகக் கொள்ளக்கூடாது, அது திருச்சபையின் காலம் முழுவதையும் குறிக்கும் நிறைவெண் என்று 5ஆம் நூற்றாண்டிலேயே புனித அகுஸ்தீன் விளக்கிவிட்டார். காலங்களையும் வேளைகளையும் அறிவது உங்களுக்குரியதல்ல என்று கிறிஸ்து சீடர்களிடம் சொன்னதை எடுத்துக்காட்டி, கணக்குப் போடுபவர்கள் விரல்களுக்கு ஓய்வு கொடுக்கட்டும் என்றும் சற்றுக் கிண்டலாகவே எழுதினார். கற்றறிந்த குருக்கள் பெரும்பாலும் இந்த விளக்கத்தையே பின்பற்றினார்கள்.

அதற்காக அச்சமே இருக்கவில்லை என்று எதிர்முனைக்குப் போவதும் சரியாகாது. ஆயிரமாம் ஆண்டு நிறைந்தவுடன், உலக முடிவுக்கு முன் தோன்றும் கிறிஸ்துவின் எதிரியான அந்திக்கிறிஸ்து வருவான், அடுத்துச் சிறிது காலத்தில் இறுதித் தீர்ப்பு நிகழும் என்று பாரிஸில் ஒருவர் மக்களுக்குப் பிரசங்கித்ததைத் தாம் இளமையில் கேட்டதாகவும், வேத வசனங்களைக் கொண்டு அதை மறுத்ததாகவும் ஃப்ளூரி மடத்தின் தலைவர் அபோ 990களில் பதிவு செய்திருக்கிறார். மறுக்க வேண்டியிருந்தது என்றால், நம்பியவர்கள் இருந்தார்கள் என்றுதானே பொருள்? கிறிஸ்து சிலுவையில் இறந்து ஆயிரம் ஆண்டு நிறைவதாகக் கருதப்பட்ட 1033ஐ ஒட்டி வந்த கொடும் பஞ்சத்தின்போது, பருவங்களின் ஒழுங்கே குலைந்து மனித இனம் முடியப்போகிறது என்று மக்கள் எண்ணியதாக ரவுல் கிளாபர் என்ற துறவி எழுதுகிறார். ஆண்டின் எண்ணைவிடப் பஞ்சமே அவர்களை அதிகம் அச்சுறுத்தியது என்பது என் கருத்து.

கேள்வி: அந்திக்கிறிஸ்துவைக் கொம்பும் வாலும் உள்ள அரக்கனாகவா கற்பனை செய்தார்கள்?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: இல்லை, மனிதனாகத்தான், அதுவும் பார்த்தவுடன் நல்லவன் என்று நம்பத் தோன்றும் மனிதனாக. இதைத் தெளிவாக அறிய, கி.பி. 950 வாக்கில் அட்சோ என்ற துறவி, மேற்குப் பிராங்க் நாட்டின் (பிற்காலப் பிரான்ஸ்) அரசி கெர்பெர்காவுக்கு எழுதிய சிறு நூலைப் படிக்கலாம். புனிதர்களின் வாழ்க்கை வரலாற்றை எழுதும் பாணியிலேயே அவர் அந்திக்கிறிஸ்துவின் வாழ்க்கையை வரிசைப்படுத்துகிறார்: சாதாரணத் தாய் தந்தையருக்குப் பாபிலோனில் பிறப்பான், கருவான கணத்திலேயே சாத்தான் அவனுக்குள் புகுந்துவிடுவான், மந்திரவாதிகளிடம் வளர்வான், எருசலேமுக்கு வந்து ஆலயத்தை மீண்டும் கட்டி, தன்னையே கடவுள் என்பான். அச்சுறுத்தல், பரிசு, அற்புதம் ஆகிய மூன்று வழிகளில் மக்களை இழுப்பான். மரத்தை ஒரு நொடியில் பூக்கவும் வாடவும் வைப்பான், கடலைக் கொந்தளிக்கவும் அடங்கவும் செய்வான். விவிலியம் சொல்லும் பழங்காலத்து எலியாவும் ஏனோக்கும் திரும்பி வந்து அவனுக்கு எதிராகப் பிரசங்கித்துக் கொல்லப்படுவார்கள். மூன்றரை ஆண்டு ஆட்சிக்குப் பின் ஒலிவ மலையில் அவனும் அழிவான்.

கிறிஸ்துவின் வாழ்க்கையைப் போலி செய்து காட்டுவதுதான் அவனுடைய முழு உருவமும். 1500ஐ ஒட்டி இத்தாலியின் ஒர்வியேத்தோ பேராலயச் சுவரில் லூக்கா சிஞ்ஞொரெல்லி தீட்டிய ஓவியத்தில், பீடத்தின்மேல் நின்று பிரசங்கிப்பவர் கிறிஸ்துவேதான் என்று முதற்பார்வையில் தோன்றும்; பிறகுதான் அவர் காதில் ஓதும் சாத்தானையும், காலடியில் குவிந்த பொன்னையும் கவனிப்போம்.

அட்சோவின் நூலில் அரசியலும் உண்டு. அக்கிரம மனிதனின், அதாவது அந்திக்கிறிஸ்துவின், வருகையை ஏதோ ஒன்று தடுத்து நிற்கிறது என்று விவிலியத்தில் தெசலோனிக்கேயருக்கு எழுதிய 2ஆம் நிருபம் (கடிதம்) சொல்வதை, ரோமப் பேரரசே அந்தத் தடை என்று முன்னோர் விளக்கியிருந்தனர். அப்பேரரசின் உரிமை பிராங்க் மன்னர்களிடம் இருப்பதால், அவர்கள் உள்ளவரை முடிவு வராது. அவர்களுள் கடைசி மன்னன் எருசலேம் சென்று செங்கோலையும் முடியையும் ஒலிவ மலையில் இறக்கி வைப்பான் என்கிறார் அட்சோ. குலைந்து கொண்டிருந்த ஒரு நாட்டின் அரசிக்கு இதைவிட ஆறுதலான செய்தி இருக்க முடியாது. ஆனால் அந்திக்கிறிஸ்து யூதரின் தாண் கோத்திரத்தில் பிறப்பான், யூதர் அவனையே மெசியாவாக ஏற்பார்கள் என்ற பழைய எண்ணத்தையும் இதே நூல் பரப்பியது. யூதர்மீதிருந்த வெறுப்புக்கு அது எவ்வளவு எண்ணெய் வார்த்தது என்பதை மறைத்துவிட்டு இக்கதையைச் சொல்வது நேர்மையாகாது.

கேள்வி: எல்லாம் வல்ல, நல்ல கடவுள் இருக்கையில் சாத்தான் எங்கிருந்து வந்தான்? இதற்கு அவர்கள் என்ன விடை சொன்னார்கள்?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: தீமை என்பது தனிப்பொருள் அன்று, நன்மையின் குறைவே என்றார் அகுஸ்தீன்; பார்வைக்குக் குருடு எப்படியோ அப்படி. 12, 13ஆம் நூற்றாண்டுகளில் தெற்குப் பிரான்ஸிலும் வட இத்தாலியிலும் இருந்த கத்தார்கள் என்ற சமயப் பிரிவினர், கண்ணுக்குத் தெரியும் உலகத்தைப் படைத்தது தீய சக்தியே என்று போதித்ததாகக் குற்றம் சாட்டப்பட்டபோது, 1215இல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம் என்ற திருச்சபைப் பேரவை தன் முதல் விதியிலேயே பதில் சொன்னது: சாத்தானும் மற்றப் பேய்களும் கடவுளால் நல்லியல்போடு படைக்கப்பட்டவர்கள், தாங்களாகவே தீயவர்கள் ஆனார்கள். ஆகவே சாத்தான் கடவுளுக்கு நிகரான எதிரி அல்லன். அனுமதிக்கப்பட்ட அளவுக்கே அவனால் இயங்க முடியும். நல்லவனாகப் படைக்கப்பட்டவன் ஏன் தீமையைத் தேர்ந்தான் என்ற அடுத்த கேள்வியை எத்தனை தர்க்கத்தாலும் அவர்களால் முழுமையாக அடைக்க முடியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: இந்த நம்பிக்கையை ஆட்சியாளர்கள் பயன்படுத்திக்கொண்டார்களா?
– வாசகர், கோவை

பதில்: தாராளமாக. 1239இல் போப் ஒன்பதாம் கிரகோரி, புனித ரோமப் பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக்கை, வெளிப்படுத்தின விசேஷம் சொல்லும் கடலிலிருந்து எழும்பும் மிருகம் என்று கடிதத்தில் சாடினார். பேரரசர் தரப்போ போப்பையே அந்திக்கிறிஸ்து என்று திருப்பி அடித்தது. தெற்கு இத்தாலியின் கலாப்ரியாவைச் சேர்ந்த மடத்தலைவர் யோவாக்கிம், வரலாற்றைப் பிதா, சுதன், பரிசுத்த ஆவி ஆகியோரின் மூன்று காலங்களாகப் பிரித்திருந்தார். 1202இல் அவர் இறந்த பின், மூன்றாம் காலம் 1260இல் தொடங்கும் என்று அவருடைய வழிவந்தோர் கணக்கிட்டு, அதற்கு முன் வரவேண்டிய கொடியவன் ஃபிரெடரிக்தான் என்று உறுதியாக இருந்தார்கள். அவரோ, எதிர்பார்த்த கொடுமைகளை முடிக்காமலேயே 1250 டிசம்பரில் காலமானார். 1260உம் கடந்து போனது. அக்கூட்டத்தைச் சேர்ந்த பார்மா நகரத்துத் துறவி சாலிம்பேனே, அந்தக் கோட்பாட்டை அடியோடு விட்டுவிட்டதாகவும், இனிக் கண்ணால் காண்பதை மட்டுமே நம்பப்போவதாகவும் எழுதினார்.

ஜெர்மனியில் கதை வேறு திசையில் போனது. ஃபிரெடரிக் சாகவில்லை, இறுதிப் பேரரசராகத் திரும்பி வந்து திருச்சபையைத் திருத்துவார் என்று அங்கே பலர் காத்திருந்தார்கள். நான்தான் அந்த ஃபிரெடரிக் என்று சொல்லிக்கொண்டு வந்த ஒருவர் ஆதரவாளர்களையும் சேர்த்துவிட்டார். 1285இல் வெட்ஸ்லார் நகரில் மன்னர் ருடால்ஃபின் ஆணைப்படி அவரை எரித்துக் கொன்றார்கள்.