முகத்தில் ஷாக் அடிக்கும் வலி: ரோபோ ஆபரேஷன் செய்யலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 63 வயது. வலது கன்னத்தில் சுரீர் சுரீரென்று ஷாக் அடிப்பதுபோல வலி. பல் வலி என்று நினைத்து இரண்டு கடைவாய்ப் பற்களைப் பிடுங்கியும் போகவில்லை. நரம்பு டாக்டர் தந்த கார்பமசெபின் மாத்திரையில் வலி குறைந்திருக்கிறது, ஆனால் எந்நேரமும் தூக்கக் கலக்கம். ரோபோ ஆபரேஷன் செய்தால் ஒரே நாளில் சரியாகிவிடும் என்கிறார் உறவினர் ஒருவர். நம்பலாமா?
- வாசகி, விருதுநகர்

பதில்: இது ட்ரைஜெமினல் நியூரால்ஜியா, அதாவது முகத்துக்கு உணர்வு தரும் ட்ரைஜெமினல் நரம்பில் வரும் வலி. பல் துலக்கும்போது, சோற்றை மெல்லும்போது, ஏன், ஃபேன் காற்று கன்னத்தில் பட்டால்கூட வெட்டி இழுக்கும். சில நொடிகளில் அடங்கும், மறுபடி வரும். பல்லைப் பறிகொடுத்த பிறகே நரம்பு டாக்டரிடம் வருகிறவர்கள் ஏராளம். மீதிப் பற்களைத் தொடவிடாதீர்கள்.

ரோபோ தானாக எதையும் செய்துவிடாது, குறி பார்க்க உதவும், அவ்வளவுதான். அந்தப் பெயரில் இரண்டு சிகிச்சைகள் இருக்கின்றன. ஒன்று சைபர்நைஃப். பெயரில்தான் கத்தி, ரோபோ கையில் பொருத்திய கருவி பல திசைகளிலிருந்து நரம்பின் வேருக்குக் கதிர்வீச்சு பாய்ச்சும். தையல் கிடையாது, பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம், ஆனால் வலி குறைய வாரங்கள், சிலருக்கு மாதங்கள்கூட ஆகும். ஆகவே 'ஒரே நாளில்' என்பது சிகிச்சைக்குத்தான் பொருந்தும். இன்னொன்றில், கன்னம் வழியாக ஊசியை மண்டையோட்டின் அடியிலுள்ள சில மில்லிமீட்டர் அகலத் துவாரத்துக்குள் செலுத்தி, நரம்பைச் சூடாக்குவார்கள், இல்லையென்றால் சிறு பலூனை ஊதி அழுத்துவார்கள். சி.டி. ஸ்கேனை வைத்து அந்த ஊசிக்குத் திசை பிடித்துக் கொடுப்பதுதான் ரோபோவின் வேலை. ரோபோ இல்லாமல், எக்ஸ்ரே பார்த்தே இதைப் பல பத்தாண்டுகளாகச் செய்துவருகிறார்கள். இரண்டுமே நரம்பை வேண்டுமென்றே கொஞ்சம் சேதப்படுத்துபவை. கன்னம் மரத்துப்போகலாம், சில வருடம் கழித்து வலி திரும்பவும் செய்யலாம்.

நீங்கள் முதலில் கேட்க வேண்டியது வேறு: எம்.ஆர்.ஐ.யில் ரத்தக்குழாய் ஏதாவது நரம்பை அழுத்துகிறதா? பலருக்கு இதுதான் காரணம். அப்படியென்றால் காதுக்குப் பின்னால் சிறு திறப்பு போட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, குழாயை விலக்கி நடுவில் டெஃப்லான் துணுக்கு வைக்கும் ஆபரேஷன் இருக்கிறது. அமெரிக்க டாக்டர் பீட்டர் ஜனெட்டா 1960களில் செம்மைப்படுத்திய முறை. மற்றவற்றைவிட இதில்தான் நிவாரணம் அதிக காலம் நிற்கிறது. மண்டையோட்டைத் திறக்கும் ஆபரேஷன் என்பதால் அதற்கான ஆபத்துகளும் உண்டு, ஆனால் இதயமும் நுரையீரலும் நன்றாக இருந்தால் 63 வயது ஒரு தடையே இல்லை. ரோபோ என்ற பெயருக்காக இதை யோசிக்காமலே விட்டுவிடாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

ஆனால் ஆபரேஷனுக்கு முன்னால் மாத்திரையைச் சரிசெய்து பாருங்கள். அளவை மாற்றியோ, அதே வகை மாத்திரையான ஆக்ஸ்கார்பசெபினுக்கு மாறியோ தூக்கக் கலக்கத்தைக் குறைக்க முடிகிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். ரத்தத்தில் சோடியம் பார்க்கச் சொல்லுங்கள், வயதானவர்களுக்கு அது இறங்கினாலும் இப்படித்தான் சோர்ந்து கிடப்பார்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்த வேண்டாம்; உடம்பில் தடிப்போ வாயில் புண்ணோ வந்தால் மட்டும் அடுத்த வேளை கொடுக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.