கேள்வி உங்களுது: நேதாஜி அந்த விமானத்துல இருந்தாரா இல்லையா?

போன இதழ்ல ஒரு பதில் எழுதறப்ப போற போக்குல "நேதாஜி 1945 ஆகஸ்ட் 18-ல தைவான்ல விமானம் விழுந்துதான் இறந்தார்னு நான் நம்பறேன்"னு ஒத்த வரி போட்டுட்டேன், அவ்ளோதான், லெட்டரும் வாட்ஸ்அப்பும் வந்து குவிஞ்சிடுச்சு. பாதிப் பேர் திட்டு, மீதிப் பேர் கேள்வி. திட்டினவங்களுக்கு ஒரு கும்பிடு, கேட்டவங்களுக்கு பதில் கீழ.

கமுதி வாசகர்: பசும்பொன் தேவர் ஐயாவே நேதாஜி உயிரோட இருக்கார்னு சொன்னாரே, அவரைவிட உங்களுக்கு நெறைய தெரியுமோ?

சத்தியமா தெரியாதுங்க. ஆனா ஒண்ணு கவனிங்க. 1956-ல நேதாஜி சாவை விசாரிக்க நேரு அரசாங்கம் ஷா நவாஸ் கான் தலைமையில கமிட்டி போட்டப்ப தேவர் அது முன்னாடி போனார், போயி, "நேதாஜி பேரு போர்க்குற்றவாளி லிஸ்ட்ல இன்னும் இருக்கா இல்லையா, அதை மொதல்ல சொல்லுங்க"னு கேட்டார், சரியான பதில் வராம விவரத்தைச் சொல்ல மறுத்துட்டார். அவர் கேட்டது நியாயமான கேள்வி, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா நேதாஜியை எங்க பார்த்தார், எப்ப பார்த்தார்ங்கற விவரம் கடைசி வரைக்கும் வெளிய வரல. 1963-ல அவரே போயிட்டார். விவரம் இல்லாத சாட்சியை, அது எவ்ளோ பெரிய மனுஷன் வாயால வந்தாலும், எந்தக் கணக்குல சேர்க்கறது சொல்லுங்க.

நாகர்கோவில் வாசகி: விபத்தைப் பார்த்தேன்னு சொன்னவங்களே ஆளுக்கொரு கதை சொல்றாங்களே சார், அது எப்படி உண்மையா இருக்க முடியும்?

அம்மா, இதுதான் அசல் கேள்வி, அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன்.

நேதாஜி சைகோன்ல இருந்து கிளம்பறப்ப ஜப்பான்காரங்க மொதல்ல ஒரே ஒரு சீட்தான்னாங்க, பேசிப் பேசி ரெண்டு ஆச்சு. கூட ஏறினவர் கர்னல் ஹபீபுர் ரஹ்மான். எஸ்.ஏ. ஐயர்னு நம்ம தமிழர், நேதாஜி அமைச்ச ஆசாத் ஹிந்த் அரசாங்கத்துல பிரசார மந்திரி, அவரையும் மத்தவங்களையும் சைகோன்லயே விட்டுட்டுப் போக வேண்டியதாச்சு. அதனால தைஹோக்குல, அதாவது இன்னைக்கு தைபேல, நடந்ததைக் கண்ணால பார்த்த இந்தியர் ஒரே ஒருத்தர்தான். மத்த சாட்சி எல்லாம் ஜப்பான் ராணுவத்துக்காரங்க.

சரி, அவங்க எங்க முரண்படறாங்க? விமானம் எவ்ளோ உயரம் போயி விழுந்துச்சு, ஏர்போர்ட்டுக்கு உள்ளயா வெளியயா, உயிர் போனது ராத்திரி எட்டுக்கா ஒம்பதுக்கா நள்ளிரவுக்கா, எரிச்சது எந்தத் தேதி, எல்லாத்துலயும் ஆளுக்கொரு கணக்கு. எங்க ஒத்துப் போறாங்க? மத்தியானம் ரெண்டரை மணி வாக்குல கிளம்பின உடனே குண்டுவீச்சு விமானம் விழுந்துச்சு, கூட வந்த ஜப்பான் ஜெனரல் ஷிடேயும் பைலட்டும் செத்தாங்க, போஸ் மேல பெட்ரோல் கொட்டி தீப்பிடிச்சுது, ராணுவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க, அன்னைக்கு ராத்திரியே போயிட்டார். இதுல மாத்தம் இல்ல.

எங்க தெரு முனையில போன மாசம் ஒரு டூவீலர்காரர் மினி பஸ்ல மோதிட்டார், பார்த்தவங்க நாலு பேர். ஒருத்தர் ஹெல்மெட் இருந்துச்சுன்னார், ஒருத்தர் இல்லவே இல்லன்னார், டீக்கடைக்காரர் பஸ் நின்னுட்டுதான் இருந்துச்சுன்னு அடிச்சு சொன்னார். அதுக்காக மோதலே நடக்கலன்னு யாராவது சொல்வாங்களா? இங்க ஷா நவாஸ் கமிட்டில சாட்சி சொன்னதோ 11 வருஷம் கழிச்சு, அடுத்து விசாரிச்ச ஜஸ்டிஸ் கோஸ்லா கமிஷன்ல இன்னும் பல வருஷம் தள்ளி, அதுவும் தீக்காயத்தோட தப்பிச்சவங்க. எல்லாரும் ஒரே மாதிரி மனப்பாடமா ஒப்பிச்சிருந்தாதான் நான் சந்தேகப்பட்டிருப்பேன்.

ஹபீபுர் ரஹ்மானைப் பத்தி இன்னொண்ணு. பிரிவினைக்கு அப்புறம் அவர் பாகிஸ்தான் போயிட்டார், 1956-ல டெல்லிக்கு வந்து பழைய வாக்குமூலத்தையே திரும்ப சொன்னார். போஸோட ஸ்வெட்டரைக் கழட்டப் போயி தன் கை வெந்ததைக் காட்டினார். நேருவுக்காக அவர் ஏன் பொய் சொல்லணும்? போஸ் சொன்ன ரகசியத்தைக் காப்பாத்தினார்னு ஒரு பதில் சொல்றாங்க, இருக்கலாம், ஆனா சாகற வரைக்கும் மனைவி மக்க முன்னாடியும் ஒரே நாடகமா?

திருச்சி வாசகர்: அப்ப முகர்ஜி கமிஷன் முட்டாளா? விபத்தே நடக்கலன்னு ஒரு நீதிபதியே எழுதியிருக்காரே?

முட்டாள்னு நான் எங்கய்யா சொன்னேன், என் வாயைக் கிளறாதீங்க. மூணு விசாரணை நடந்துச்சு. ஷா நவாஸ் கமிட்டி விபத்துன்னு சொல்லிச்சு, ஆனா மூணு மெம்பர்ல ஒருத்தரான நேதாஜியோட அண்ணன் சுரேஷ் சந்திர போஸ் கையெழுத்துப் போட மறுத்து தனி அறிக்கை கொடுத்தார். 1970-ல ஆரம்பிச்ச கோஸ்லாவும் விபத்துன்னார். 1999-ல உக்காந்து 2005-ல முடிச்ச முகர்ஜி, விமான விபத்துல சாகல, டோக்கியோல இருக்கற அஸ்தி அவருது இல்லன்னார், அரசாங்கம் அதை ஏத்துக்கல.

முகர்ஜி கையில ரெண்டு சமாச்சாரம் இருந்துச்சு. ஒண்ணு, அந்த சமயத்துல அப்படி ஒரு விபத்துக்கு எங்ககிட்ட பதிவே இல்லன்னு தைவான் அரசாங்கம் சொன்னது. இது எனக்கு பெருசா படல, ஏன்னா அப்ப அந்தத் தீவு ஜப்பான் கையில, அதுவும் சரண்டர் ஆகி மூணே நாள், ராணுவம் பேப்பரை எரிக்குமா எழுதுமா? சீனாக்காரங்க பொறுப்பு எடுத்ததே அக்டோபர்லதான்.

ரெண்டாவதுதான் என்னையும் உறுத்துது. ஆஸ்பத்திரி டாக்டர் யோஷிமி போஸுக்கு தானே சர்டிஃபிகேட் எழுதினேன்னார், ஆனா தகனப் பதிவுல இருக்கறது இச்சிரோ ஒகுராங்கற ஜப்பான் சிப்பாய் பேரு, காரணம் மாரடைப்பு. ரகசியத்துக்காக மாத்தி எழுதினாங்கன்னு ஒரு விளக்கம் இருக்கு. கூடவே முகம் தெரியற மாதிரி ஒரு போட்டோ கூட இல்ல, முகம் வீங்கி சிதைஞ்சிருந்ததால எடுக்க விடலன்னு ஹபீபுர் ரஹ்மான் சொன்னார். துணி போத்தின உடம்பு பக்கத்துல அவர் உக்காந்திருக்கற படம்தான் இருக்கு. அவ்ளோ பெரிய தலைவரு, ஒரு நல்ல போட்டோ, ஒழுங்கா ஒரு பேப்பர் இருந்திருந்தா இத்தனை வருஷ சண்டையே வந்திருக்காது. இந்த ஓட்டையை நான் மறைக்க மாட்டேன்.

சேலம் வாசகி: சாட்சி இவ்ளோ இருந்தும் ஜனங்க ஏன் நம்பல?

ஏன்னா மனுஷன் ஏற்கனவே ஏமாத்திக் காட்டியிருக்கார்! 1941 ஜனவரில கல்கத்தா வீட்டுக்காவல்ல இருந்து முகமது ஜியாவுதீன்னு பேரு வெச்சுகிட்டு நழுவினவர், காபூல்ல இருந்து இத்தாலிக்காரன் பாஸ்போர்ட்ல பெர்லின் போனவர். அதைவிட 1942 மார்ச்ல போஸ் விமான விபத்துல செத்துட்டார்னு நியூஸே வந்துச்சு, காந்தி போஸோட அம்மாவுக்கு இரங்கல் தந்தி கூட அடிச்சுட்டார், அப்புறம் பார்த்தா ஆள் குத்துக்கல்லாட்டம் பெர்லின்ல இருக்கார். மூணு வருஷம் கழிச்சு அதே மாதிரி விமான விபத்துன்னு இன்னொரு நியூஸ் வந்தா யார் நம்புவா? நான் அன்னைக்கு இருந்திருந்தா நானும் நம்பியிருக்க மாட்டேன்.

காந்தியே மொதல்ல அவர் உயிரோட இருக்கார்னுதான் சொன்னார். ஹபீபுர் ரஹ்மான்கிட்ட பேசினதுக்கு அப்புறம் 1946-ல, அது என் உள்ளுணர்வுதான், ஆதாரம் இல்லன்னு சொல்லி நிறுத்திகிட்டார். ஜனங்க மொதல்ல சொன்னதை மட்டும் ஞாபகம் வெச்சுகிட்டாங்க.

மதுரை வாசகர்: கும்நாமி பாபா?

ஃபைசாபாத்ல 1985-ல இறந்த சாமியார், அவர்தான் நேதாஜின்னு சிலர் சொல்றாங்க. நேதாஜி குடும்ப போட்டோ எல்லாம் அவர் பெட்டியில இருந்துச்சு, நெஜம். பல்லை வெச்சு டிஎன்ஏ பார்த்தாங்க, பொருந்தல. அவருக்காகவே உ.பி. அரசாங்கம் போட்ட விஷ்ணு சகாய் கமிஷனும் அவர் நேதாஜி இல்லன்னுடுச்சு. அதுக்கு முன்னாடி வங்காள ஆசிரமத்துல ஷால்மாரி பாபான்னு இன்னொருத்தர், ரஷ்யா ஜெயில்னு தனியா ஒரு கோஷ்டி. விபத்து சாட்சி எல்லாம் மணிக்கணக்குலதான் முரண்படறாங்க, இவங்க நாடு விட்டு நாடு முரண்படறாங்க. ஒரே மனுஷன் சைபீரியா ஜெயில்லயும் வங்காள ஆசிரமத்துலயும் ஒரே நேரத்துல எப்படிங்க இருப்பார்?

கோவை வாசகர்: அஸ்தியை எடுத்து டிஎன்ஏ பார்த்துட்டா முடிஞ்சுது, ஏன் பண்ணல?

நேதாஜி மகள் அனிதா போஸ் ஜெர்மனில இருந்துகிட்டு இதைத்தான் கேக்கறாங்க. அவங்க விபத்தை நம்பறாங்க, அஸ்தி ஊர் வந்து சேரணுங்கறாங்க. தீயில வெந்த எலும்புல டிஎன்ஏ கிடைக்கறது கஷ்டம்தான், ஆனா எடுத்துப் பார்த்தாதானே தெரியும்.

இதுல நம்ம சர்க்கார் நிலைமைதான் தமாஷ். 1945 செப்டம்பர்ல இருந்து அந்த அஸ்தி டோக்கியோ ரென்கோஜி கோயில்லதான் இருக்கு. நேரு போயிருக்கார், ராஜேந்திர பிரசாத் போயிருக்கார், இந்திரா, வாஜ்பாய் எல்லாரும் போயிட்டு வந்தாங்க, பராமரிப்புக்கு இந்தியா பணமும் கட்டியிருக்கு. 2017-ல ஆர்டிஐல கேட்டப்ப உள்துறை அவர் விபத்துலதான் இறந்தார்னு பதிலும் கொடுத்துச்சு. அப்ப அஸ்தியைக் கொண்டு வாங்கன்னா மட்டும் யாரும் வாயைத் திறக்க மாட்டேங்கறாங்க. கோயில்ல வருஷா வருஷம் ஆகஸ்ட் 18-ல பூஜை நடக்குது.