ஆலும் வேலும் அகர் தட்டும்: வாய்க்கிருமி கேள்வி–பதில்

“ஆலும் வேலும் பல்லுக்குறுதி” என்கிறார்கள். எங்கள் பக்கம் திரும்பிய இடமெல்லாம் சீமைக்கருவைதான். அதன் குச்சியில் பல் விளக்கலாமா? (தொண்டி)

வேண்டாம். பழமொழி சொல்லும் வேல் நம் நாட்டுக் கருவேலம். சீமைக்கருவை அமெரிக்கக் கண்டத்து மரம். அதன் இலையிலும் காயிலும் இருக்கும் ஆல்கலாய்டுகள் என்ற வேதிப்பொருள்கள் கிருமியைக் கொல்வது உண்மைதான். அகர் தட்டில், அதாவது கடற்பாசிக் கூழ் ஊற்றி உறையவைத்த ஆய்வகத் தட்டில், கிருமியைத் தடவி, அந்த இலை, காயின் சாற்றில் நனைத்த காகித வில்லையை நடுவில் வைத்து, மறுநாள் பார்த்தால் வில்லையைச் சுற்றித் தெளிவாக ஒரு வளையம் விழுந்திருக்கும். அந்த வளையத்துக்குள் கிருமி முளைக்கவில்லை. ஆனால் அதே காயையே நெடுநாள் தின்ற ஆடுமாடுகளுக்குத் தாடை தளர்ந்து, அசைபோட முடியாமல் போயிருக்கிறது. வளையத்தைக் கண்டதுமே மருந்து கிடைத்துவிட்டது என்று பரப்புகிறவர்கள் மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது.

தட்டில் கிடப்பதுபோல வாயில் கிருமி தனித்துக் கிடப்பதில்லை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்ற சொத்தைக்கிருமி நாம் தின்னும் சர்க்கரையிலிருந்தே பசை செய்து, அதற்குள் கூட்டமாகப் பதுங்கி, அமிலம் கக்கிப் பல்லைக் கரைக்கிறது. காலையில் எழுந்ததும் பல்லை நாக்கால் தடவுங்கள், வழவழவென்று தட்டுப்படும் படலம் அதுதான். எந்தச் சாறும் அதற்குள் எளிதில் இறங்காது. தேய்த்துத்தான் எடுக்க வேண்டும்.

வாப்பா மிஸ்வாக் குச்சியை விடமாட்டேன் என்கிறார். பிரஷ்ஷுக்கு மாற்றவா? (கீழக்கரை)

அவர் போக்கில் விடுங்கள். உகா மரத்துக் குச்சி அது. அதில் பென்சைல் ஐசோதயோசயனேட் என்ற கிருமிக்கொல்லி உண்டு, நாரும் நன்றாகத் தேய்க்கும். நைந்த நுனியை நறுக்கிவிட்டுப் புதிதாக மெல்லச் சொல்லுங்கள். கடைவாய்ப் பல்லின் உள்பக்கத்தை மட்டும் மறக்க வேண்டாம்.

நாங்கள் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசி பல்லுக்கு மருந்தாகுமா? (பாம்பன், சின்னப்பாலம்)

இப்போதைக்கு இல்லை, அக்கா. ஆனால் நம் நாட்டில் அகர் காய்ச்சும் பாசிகளில் இதுவும் முக்கியமானது. 1880களின் தொடக்கத்தில் கிருமியியல் முன்னோடி ராபர்ட் காக்கின் ஆய்வகத்தில் கிருமி வளர்த்த ஜெலட்டின் சூட்டில் இளகிப் பாழானபோது, கடற்பாசி அகரைச் சேர்த்துப் பார்க்கச் சொன்னவர், அங்கே வேலைசெய்த ஆய்வாளரின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே. சமையலறையில் அவர் கையாண்ட சரக்கு அது. வாய்க்கிருமியைப் பற்றி நான் கற்றதெல்லாம் அகரின் மேல்தான்.

ஈறு வீங்கினால் கடல் தண்ணீரில் கொப்பளிக்கிறோம். சரிதானா? (மண்டபம்)

படகு நிற்கும் இடத்துத் தண்ணீரை வாயில் வைக்காதீர்கள், டீசலும் மீன்கழிவும் கலந்தது. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்பு போதும். சீழ் கட்டினாலோ காய்ச்சல் வந்தாலோ, கடலுக்குப் போவதைத் தள்ளிவைத்து அன்றைக்கே பல் டாக்டரிடம் காட்டுங்கள்.