எக்ஸ்சேஞ்சில் இருக்கும் பிட்காயினை எங்கே வைப்பது?

திருப்பூர் வாசகர் ஒருவர், மாதச் சேமிப்பில் ஒரு பகுதியை ஒதுக்கி மூன்று ஆண்டுகளாகப் பிட்காயின் வாங்கி வருவதாகவும், இன்றைக்குச் சுமார் நான்கு லட்சம் ரூபாய் பெறும் அத்தனையும் ஓர் இந்திய எக்ஸ்சேஞ்சின் (பிட்காயின் போன்ற கிரிப்டோ நாணயங்களை வாங்கி விற்கும் தளம்) கணக்கிலேயே கிடப்பதாகவும் எழுதியிருக்கிறார். அங்கேயே விட்டுவைக்கலாமா, சொந்த வாலட்டுக்கு மாற்ற வேண்டுமா, மாற்றுவதானால் எந்த வாலட் பாதுகாப்பானது என்று கேட்கிறார்.

மாற்றிவிடுங்கள் என்பதே என் பதில். எக்ஸ்சேஞ்சின் செயலியில் தெரியும் இருப்பு, அந்த நிறுவனம் உங்களுக்குத் தர வேண்டிய பாக்கி. பிட்காயினை நகர்த்தும் அதிகாரம் கொண்ட பிரைவேட் கீ, அதாவது தனிச்சாவி, அவர்களிடம்தான் இருக்கிறது. 2024 ஜூலை 18 அன்று வசீர்எக்ஸ் என்ற இந்திய எக்ஸ்சேஞ்சின் ஒரு வாலட்டிலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள கிரிப்டோ களவுபோனபோது, களவுபோகாத நாணயங்களை வைத்திருந்தவர்களின் கணக்குகளும் சேர்ந்தே முடங்கின. அவர்களுள் 3,532.30 எக்ஸ்ஆர்பி என்ற கிரிப்டோ நாணயம் வைத்திருந்த ஒருவர் தொடுத்த வழக்கில், கிரிப்டோ ஒரு சொத்து என்றும், பிறருக்காகப் பொறுப்பில் வைத்திருக்கத் தக்கது என்றும் சென்னை உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில் கூறியது. முதலீட்டாளர்களுக்கு அது பெரிய ஆறுதல் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் தன் பொருளைத் தன்னுடையது என்று சொல்வதற்கே அவர் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது என்பதையும் நாம் பார்க்க வேண்டும்.

வாலட் என்றதும் அதற்குள் பிட்காயின் இருப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். பிட்காயின் எப்போதும் பிளாக்செயின் எனப்படும் பொதுக் கணக்கேட்டில்தான் இருக்கிறது; வாலட் காப்பது சாவியை மட்டுமே. அந்தச் சாவியை மீட்டெடுக்க உதவுபவைதான் சீட் ஃபிரேஸ் எனப்படும் 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்கள். 2,048 சொற்கள் கொண்ட ஒரு பொதுப் பட்டியலிலிருந்து அவற்றை வாலட்டே தேர்ந்தெடுத்துத் தருகிறது. கருவி உடைந்தாலும் தொலைந்தாலும் இந்தச் சொற்கள் இருந்தால் வேறொரு வாலட்டில் பணத்தை மீட்டுவிடலாம். அதே சொற்கள் இன்னொருவர் கண்ணில் பட்டால், நீங்கள் உறங்கிக்கொண்டிருக்கும் போதே அவர் மொத்தத்தையும் எடுத்துச் சென்றுவிடலாம். புகார் செய்து பரிவர்த்தனையைத் திருப்ப இங்கே வங்கி கிடையாது. ஆகவே எந்த நிறுவனத்தின் வாலட் என்ற கேள்வியைவிட, அந்தச் சொற்கள் எங்கே, யாருக்குத் தெரியும்படி இருக்கப்போகின்றன என்ற கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன்.

நான்கு லட்ச ரூபாய்க்கு, சாவியை இணையத்தில் படாமல் தனியே காக்கும் சிறு கருவியான ஹார்டுவேர் வாலட் வாங்குவது தகும். செக் நாட்டின் டிரெசர், பிரான்சின் லெட்ஜர் இரண்டும் பத்தாண்டுகளுக்கு மேல் புழக்கத்தில் இருப்பவை. நிறுவனத்தின் சொந்த இணையதளத்திலோ, அத்தளத்தில் பெயர் இடம்பெற்ற விற்பனையாளரிடமோ மட்டும் வாங்குங்கள். பயன்படுத்திய கருவி வேண்டவே வேண்டாம். பெட்டியைத் திறக்கும்போது சொற்கள் ஏற்கெனவே அச்சிட்ட அட்டை உள்ளே இருந்தால் அது மோசடி. சொற்களை உங்கள் கண்ணெதிரே கருவிதான் காட்ட வேண்டும். 2020ஆம் ஆண்டு லெட்ஜரின் வாடிக்கையாளர்களில் சுமார் 2.7 லட்சம் பேரின் பெயர், முகவரி, தொலைபேசி எண்கள் வெளியே கசிந்தன. அதன்பின் பலருக்குப் போலிக் கடிதங்கள் வந்தன, சிலருக்குப் போலிக் கருவிகளே தபாலில் வந்து சேர்ந்தன. கடிதத்திலோ அழைப்பிலோ யார் கேட்டாலும் அந்தச் சொற்களைத் தரக் கூடாது. கைபேசி வாலட்டைப் பொறுத்தவரை, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே போகும் அளவு தொகைக்கு அது போதும். அதற்கு மேல் வேண்டாம்.

இனி, சொற்களை எழுதும் அந்தப் பத்து நிமிடம். கதவைச் சாத்திக்கொண்டு, கைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டு உட்காருங்கள். கருவியின் சிறிய திரையில் வரும் சொற்களைக் காகிதத்தில், ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் போட்டு, தனித்தனி எழுத்தாக எழுதுங்கள். எண்ணை நான் வற்புறுத்தக் காரணம் உண்டு. எனக்குத் தெரிந்த ஒருவர் 12 சொற்களை ஆறு ஆறாக இரண்டு பத்தியில், எண் போடாமல் எழுதி வைத்திருந்தார். ஓராண்டு கழித்து, மேலிருந்து கீழாகப் படிப்பதா, இடமிருந்து வலமாகப் படிப்பதா என்பது அவருக்கே நினைவில்லை. தவறான வரிசையை வாலட் பெரும்பாலும் ஏற்காது. எப்போதாவது ஏற்றுக்கொண்டு, வேறொரு காலியான வாலட்டைத் திறந்து காட்டும். அவருக்கு அப்படித்தான் நேர்ந்தது. பூஜ்யத்தைப் பார்த்து அவர் வெலவெலத்துப்போன முகத்தை நான் மறக்கவில்லை. அடுத்த வரிசையில் படித்தபோது எல்லாம் அப்படியே இருந்தது.

ஸ்கிரீன்ஷாட் எடுக்காதீர்கள், வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பியும் வைக்காதீர்கள். கேலரியில் உள்ள படங்களைப் படித்துச் சீட் ஃபிரேஸைத் தேடும் ஸ்பார்க்கேட் என்ற தீநிரல், ஆண்ட்ராய்டு, ஆப்பிள் இரண்டின் அதிகாரபூர்வ ஆப் ஸ்டோர்களிலும் இருந்த செயலிகளுக்குள் ஒளிந்திருந்ததை 2025 பிப்ரவரியில் காஸ்பர்ஸ்கி என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் கண்டறிந்து வெளியிட்டது. இரண்டு பிரதி எழுதி, ஒன்றை வீட்டிலும் மற்றொன்றை வங்கி லாக்கரிலும் வைக்கலாம். ஈரமும் கரையானும் உள்ள வீடென்றால் எஃகுத் தகட்டில் பொறித்து வைப்பது நல்லது.

முழுத் தொகையையும் அனுப்புவதற்கு முன் ஒரு சோதனை அவசியம். எக்ஸ்சேஞ்சில் பிட்காயின் நெட்வொர்க்கைத் தேர்ந்தெடுத்து, குறைந்தபட்சத் தொகையை மட்டும் அனுப்புங்கள். நகலெடுத்து ஒட்டும்போது பெறும் வாலட்டின் முகவரியையே மாற்றிவிடும் வைரஸ்கள் இருப்பதால், முகவரியைக் கணினித் திரையோடு நிறுத்தாமல் கருவியின் திரையிலும் முழுமையாக ஒப்பிட வேண்டும். தொகை வந்து சேர்ந்ததும் கருவிக்குள் பதிந்திருப்பதை வேண்டுமென்றே அழித்துவிடுங்கள். லெட்ஜரில் மூன்று முறை தவறான பின் எண் போட்டாலே அது தன்னுள் இருப்பதை அழித்துக்கொள்ளும். பிறகு உங்கள் காகிதத்தை மட்டும் வைத்து மீட்டுப் பாருங்கள். அந்தச் சிறு தொகை மீண்டும் திரையில் தெரிந்தால், மீதியை அச்சமின்றி அனுப்பலாம்.

கணக்கைக் காலி செய்யும் முன் வாங்கிய விவரங்கள் அனைத்தையும் பதிவிறக்கி வையுங்கள். விற்கும்போது இலாபத்தின் மீது 30 சதவீத வரி கட்ட வேண்டும். அதில் கழிக்க அனுமதிக்கப்படுவது வாங்கிய விலை ஒன்றுதான். அதற்கான சான்று பிற்பாடு கிடைக்காமல் போனால் இழப்பு உங்களுக்கே.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. சொந்த வாலட்டுக்கு நாமினி கிடையாது. கருவி எது, காகிதம் எங்கே இருக்கிறது, அவசரப்பட்டு யாரிடமும் காட்டாமல் எப்படி மீட்பது என்பதை எளிய தமிழில் ஒரு தாளில் எழுதி, சொற்களை அதில் எழுதாமல், உறையிலிட்டு ஒட்டி மனைவியிடமோ முழு நம்பிக்கைக்குரிய ஒருவரிடமோ கொடுங்கள். கொடுத்த பிறகு, ஒருமுறை அவரையே அருகில் உட்காரவைத்து அந்தத் தாளைப் படித்து வாலட்டைத் திறக்கச் சொல்லுங்கள்; அவர் எங்கே தடுமாறுகிறாரோ அந்த வரியைத் திருத்தி எழுதுங்கள்.