வாசல்வரை போய்த் திரும்பிவிடுகிறேன்!

கேள்வி: எனக்கு வயது 34. தனியார் பள்ளி ஆசிரியை. ஓராண்டாக, திடீரென்று நெஞ்சு படபடத்து, மூச்சு அடைத்து, செத்துவிடுவேனோ என்ற பயம் வந்துவிடுகிறது. இசிஜி, எக்கோ எல்லாம் சரியாக இருப்பதால், மனநல ஆலோசனைக்குப் போகும்படி இதய மருத்துவர் எழுதிக் கொடுத்தார். இரண்டு முறை வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன். தெரிந்தவர்கள் பார்த்துவிட்டால்? உள்ளே போய் என்ன பேசுவது? மாத்திரை பழகிவிடுமா?
– வாசகி, ஈரோடு

பதில்: நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது என்றாலும், நீங்கள் எழுதியிருப்பது பீதிநோயின், அதாவது திடீர் திடீரென்று கடும் பயம் வந்து தாக்கும் 'பேனிக் டிஸார்டரின்' அறிகுறிகளோடு ஒத்துப்போகிறது. ஆளை விலகி ஓடவைப்பதுதான் இந்த நோயின் குணம். பஸ்ஸில் படபடப்பு வந்தால் பஸ்ஸைத் தவிர்ப்போம், கடைவீதியில் வந்தால் கடைவீதியை. தவிர்த்ததும் ஒரு நிம்மதி கிடைக்கிறது இல்லையா, அதுதான் பயத்துக்குத் தீனி. நீங்கள் வாசலில் திரும்பியபோதும் இதுவேதான் நடந்தது. அதனால், தைரியம் வந்தபின் போகலாம் என்று நாள் கடத்தாதீர்கள். படபடப்போடேயே உள்ளே போங்கள். எங்களிடம் வருகிறவர்களில் பெரும்பாலானோர் அப்படித்தான் வருகிறார்கள்.

முதல் நாள் பேசுவதற்கு எதையும் தயாரிக்க வேண்டாம். கேள்வி கேட்பது எங்கள் வேலை. எப்போது தொடங்கியது, தூக்கம் எப்படி, பசி எப்படி, வீட்டில் யார் யார், வாழ்வே வேண்டாம் என்று தோன்றியதுண்டா என்றெல்லாம் கேட்போம். பிடிக்காத கேள்விக்கு, 'இன்று வேண்டாம்' என்று சொல்லிவிடலாம். அழுகை வந்தால் அழலாம். மேசையில் டிஷ்யூ பெட்டி அதற்காகத்தான் இருக்கிறது. வாய் வரவில்லையா? எனக்கு எழுதியதையே ஒரு தாளில் எழுதி நீட்டுங்கள். முக்கால் மணி நேரம் ஓடிவிடும்.

மாத்திரையைப் பொறுத்தவரை, உளவியலாளர் மருந்து எழுதுவதில்லை. மனநல மருத்துவர்தான் எழுதுவார். பீதிநோய்க்கு எண்ணத்தையும் நடத்தையையும் சீராக்கும் சிபிடி என்ற பேச்சுச் சிகிச்சை நன்றாகவே கைகொடுக்கிறது. பெரும்பாலும் வாரம் ஒருமுறை, சில மாதங்கள். மருந்து தேவைப்பட்டாலும், வழக்கமாக முதலில் தரப்படும் எஸ்எஸ்ஆர்ஐ வகை அடிமைப்படுத்தாது. ஆனால் நீங்களாகச் சட்டென்று நிறுத்தக் கூடாது. பழகிவிடும் அபாயம் உள்ளவை, உடனே அமைதிப்படுத்தும் அல்பிரசோலம் போன்றவை. பக்கத்து வீட்டு அக்கா கொடுத்தார் என்று அவற்றை மட்டும் விழுங்கிவிடாதீர்கள்.

தெரிந்தவர் பார்த்தால், அவரும் அங்கேதானே வந்திருப்பார்! உங்கள் சிகிச்சை விவரங்களைக் காக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில விதிவிலக்குகள் தவிர, உங்கள் பள்ளிக்கோ புகுந்த வீட்டுக்கோ நாங்கள் எதுவும் சொல்லக் கூடாது.

இன்னும் கால் பின்வாங்கினால், 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் முதலில் பேசிப்பாருங்கள். அரசு நடத்துவது, கட்டணமில்லை, எந்நேரமும் பேசலாம், தமிழிலேயே. மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவிலும் இலவசமாகப் பார்க்கலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் மட்டும் எதற்கும் காத்திராமல், வீட்டில் ஒருவரை அழைத்துக்கொண்டு அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

முதலில் பார்த்தவரோடு ஒத்துவரவில்லை என்றால் வேறொருவரிடம் மாறலாம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். போகும்போது இசிஜி, எக்கோ அறிக்கைகளை எடுத்துச் செல்லுங்கள். தைராய்டு, ஹீமோகுளோபின் பரிசோதனைகள் செய்யவில்லை என்றால் அவற்றையும் முடித்துவிடுங்கள். அவற்றில் கோளாறு இருந்தாலும் நெஞ்சு படபடக்கும்.