டாம் டென்னிஸின் கடிதம்

அன்புள்ள ஐயா,

பில்லியர்ட்ஸ் மேஜையில் ஆடும் ஸ்னூக்கரின் ஆரம்பகாலத் தொழில்முறை ஆட்டக்காரர்களைப் பற்றி ஒரு தொடர் எழுத ஆசை. 1927இல் முடிந்த முதல் உலகப் போட்டியில் ஆடிய பத்துப் பேரின் பட்டியலை இணைத்திருக்கிறேன். வென்ற ஜோ டேவிஸைத் தவிர மற்றவர்களைப் பற்றி இணையத்தில் ஒன்றுமே இல்லை. தோற்றுப்போனவர்களைத் தேடுவது வீண்வேலையோ என்றும் தோன்றுகிறது. ஊட்டியில் பிறந்த ஆட்டம் என்பதால் தமிழில் எழுதினால் படிப்பார்களா, அல்லது ஆங்கிலத்தில் எழுதுவதா?

க., ஈரோடு

அன்புள்ள க.,

ஊட்டியை முதலில் முடித்துவிடுவோம். ஆட்டம் பிறந்தது 1875இல், ஜபல்பூரில், ராணுவ அதிகாரிகளின் மெஸ்ஸில். விதிகளை எழுதி மாட்டியது 1882இல், ஊட்டி கிளப்பில். இதில் சண்டை போட ஒன்றுமில்லை.

"ஒன்றுமே இல்லை" என்கிறீர்களே, எத்தனை நாள் தேடினீர்கள்? உங்கள் பட்டியலைப் பார்த்தால் ஒரு ராத்திரி வேலை மாதிரி இருக்கிறது. ஒரே பக்கத்திலிருந்து பெயர்களையும் ஸ்கோரையும் எடுத்து ஒட்டியிருக்கிறீர்கள். டாம் டென்னிஸ் என்ற பெயருக்கு எதிரே "இறுதியில் தோல்வி, 20-11" என்று மட்டும் இருக்கிறது. எனக்குக் கோபம் வந்தது அந்த வரியைப் பார்த்துத்தான்.

டென்னிஸ் நாட்டிங்ஹாமில் பில்லியர்ட்ஸ் கூடம் நடத்தியவர். (தமிழில் டென்னிஸ் என்று தட்டினால் விம்பிள்டன்தான் வரும், அது தனித் தொல்லை.) அப்போது பெரிய மனிதர்களின் ஆட்டம் பில்லியர்ட்ஸ். ஸ்னூக்கர் அதற்கு நடுவே பொழுதுபோக்காக ஆடுவது. ஆனால் கூடத்தில் உட்கார்ந்திருப்பவனுக்குத்தானே தெரியும், காசு கொடுத்து ஆட வருகிறவன் எதைக் கேட்கிறான் என்று! 1924இல் டென்னிஸ் பில்லியர்ட்ஸ் சங்கத்துக்குக் கடிதம் எழுதினார்: தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு ஒரு ஸ்னூக்கர் போட்டி நடத்துங்கள். உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் அளவுக்கு இந்த ஆட்டத்துக்கு வரவேற்பு இருக்கிறதா என்பது சந்தேகமே என்று செயலாளரிடமிருந்து பதில் வந்தது. அதன் பிறகு டேவிஸும் பர்மிங்ஹாமின் பில் காம்கினும் முயன்று, 1926இல் சங்கம் இறங்கி வந்தது. 1927 மே மாதம் காம்கினின் கூடத்தில் இறுதி ஆட்டம். டேவிஸுக்கு எதிரே கியூவை, அதாவது ஆடும் கோலைப் பிடித்து நின்றவர், கடிதம் எழுதிய அதே டென்னிஸ்.

வென்ற டேவிஸுக்குக் கிடைத்தது ஆறு பவுண்டு பத்து ஷில்லிங். நுழைவுக் கட்டணத்தில் ஆட்டக்காரர்களுக்குச் சேரவேண்டிய பங்கை எடுத்துச் சங்கம் ஒரு வெள்ளிக் கோப்பை வாங்கிவிட்டது. இன்று உலகப் போட்டி நடக்கும் ஷெஃபீல்டில் கேமராவுக்கு முன் தூக்கிக் காட்டுகிறார்களே, அதே கோப்பை. அதில் டென்னிஸின் காசும் இருக்கிறது. 1927, 1929, 1930, 1931 என்று நான்கு முறை இறுதிக்கு வந்து நான்கிலும் டேவிஸிடம் தோற்றார். 1931இல் போட்டிக்குப் பெயர் கொடுத்ததே இவர்கள் இருவர்தான். உங்கள் தொடரில் "தோற்றுப்போனவர்கள்" என்ற சொல் எங்கே வந்தாலும் அடித்துவிடுங்கள்.

இவர்களைத் தேடுவது சிரமம்தான், மறுக்கவில்லை. இங்கிலாந்தின் 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவங்கள் 1942 டிசம்பரில் தீயில் போய்விட்டன. 1941இல் போர், கணக்கெடுப்பே இல்லை. லண்டனில் இவர்கள் ஆடிய தர்ஸ்டன் கூடம் 1940இல் குண்டுவீச்சில் சிதைந்தது. 1921 கணக்கெடுப்பு இருக்கிறது, 1939 செப்டம்பரில் எடுத்த பதிவேடு இருக்கிறது. நடுவில் பதினெட்டு வருடம் இருட்டு. இவர்கள் ஆடியது அந்த இருட்டில்தான். ஆகவே ஸ்கோரை வைத்துக்கொண்டு தேடாதீர்கள். பிழைப்பை வைத்துத் தேடுங்கள். கூடத்து முதலாளி, மேஜைக்குத் துணி மாற்றுகிறவர், பயிற்சி கொடுப்பவர், ஸ்கோர் குறிக்கும் மார்க்கர். உள்ளூர்ப் பத்திரிகையின் விளம்பரப் பத்தியில் கூடத்தின் முகவரி கிடைக்கும். முகவரி கிடைத்தால் ஆள் கிடைப்பார்.

மார்க்கர் என்று எழுதியதும் வேறொருவர் நினைவுக்கு வந்துவிட்டார். நான் பள்ளியில் படித்த ஊரில் ஒரு கிளப் இருந்தது. அங்கே மார்க்கராக இருந்தவர் எங்கள் தெருக்காரர், மாமா என்றுதான் கூப்பிடுவேன். சாயங்காலம் பச்சைத் துணியை ஒரே திசையில் பிரஷ் போட்டுத் தள்ளுவார். பிறகு கனத்த இஸ்திரிப்பெட்டியை மெதுவாக ஓட்டுவார். உறுப்பினர்கள் வந்ததும் சுவரோரம் நின்று ஸ்கோர் சொல்வார். அவர்கள் முன்னால் அவர் கியூவைத் தொடக்கூடாது. எல்லாரும் போன பிறகு, துடைக்கிற சாக்கில், சத்தமே இல்லாமல் ஆடுவார். ஒருநாள் வாசல்படியில் உட்கார்ந்து பார்த்தேன். சிவப்பு, கறுப்பு, சிவப்பு, கறுப்பு என்று போய்க்கொண்டே இருந்தது. எண்ணத் தெரியாத வயசு இல்லை, ஆனால் எண்ணாமல் விட்டுவிட்டேன். ஜெயித்தவர்களின் பெயர்கள் அங்கே பலகையில் தங்க எழுத்தில் இருந்தன. அவர்களில் பாதிப் பேருக்கு கியூ பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்.

இருபது வருடம் கழித்து அவர் கையெழுத்தில் இருந்த ஸ்கோர் நோட்டுகளைக் கேட்டுப் போனேன். எடைக்குப் போட்டாகிவிட்டது என்றார்கள். அதற்குள் மாமாவும் இல்லை. ஐந்து நிமிட நடையில் இருந்த மனிதரிடம் ஒரு கேள்வி கேட்காதவன் நான். அதனால்தான் உங்கள் "ஒன்றுமே இல்லை"க்கு இவ்வளவு திட்டு. பாதி எனக்குச் சேரவேண்டியது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

வேறு என்னமோ கேட்டிருந்தீர்களே... ஆமாம், தமிழா ஆங்கிலமா. தமிழில்தான், இதில் என்ன யோசனை? படிப்பார்களா என்பதை எழுதிய பிறகு பார்த்துக்கொள்ளலாம். சந்தா கட்டினால் பிரிட்டனின் பழைய செய்தித்தாள்கள் வீட்டிலிருந்தே படிக்கக் கிடைக்கின்றன. ஒரு மாதத்துக்குக் கட்டுங்கள், அதிலும் 1931இல் தொடங்குங்கள். அந்த வருட இறுதி ஆட்டம் 25-21, அதாவது நாற்பத்தாறு ஃபிரேம் (சுற்று), டென்னிஸின் சொந்த ஊரில். சங்கம் சந்தேகப்பட்டதே, உட்கார்ந்து பார்க்க ஆள் வருமா என்று. எத்தனை பேர் வந்தார்கள் என்று எங்காவது ஒரு வரி கிடைத்தால் எனக்கு எழுதுங்கள்.